இதயத்திற்கு வழி கண்ட வெர்னர் ஃபோர்ஸ்மன்

இதயச் சுவரில் துளையோடு பிறந்த குழந்தைக்கு மார்பைத் திறவாமல், தொடையின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி அத்துளையை அடைக்கும் மருத்துவம் நம் பெங்களூரிலும், பன்னேருகட்டா சாலை ஜெயதேவா மருத்துவமனை முதலிய இடங்களில், நடைபெற்று வருகிறது. அக்குழல் இதயத்தை எட்டும் என்பதைத் தம் உடலிலேயே சோதித்துப் படத்தால் நிறுவியவர் ஒரு ஜெர்மானியர்.

வெர்னர் ஃபோர்ஸ்மன் 1904-இல் பெர்லினில் பிறந்தார்; தந்தையை முதல் உலகப் போரில் இழந்தார். 1929-இல் எபர்ஸ்வால்டே என்னும் ஊரில் இளம் டாக்டராக அமர்ந்தார். உயிர் ஊசலாடும் நோயாளிக்கு மார்பின் வழியே இதயத்தில் ஊசி குத்துவது அக்கால வழக்கம். அதன் ஆபத்தை உணர்ந்தவர், குதிரையின் கழுத்து இரத்தக்குழாய் வழியே இதயத்துள் குழல் செலுத்திய பழைய படமொன்றை எண்ணிப் பார்த்தார். மனிதனிடத்தும் இயலாதா? மேலதிகாரி இசைவு தரவில்லை. (மேலதிகாரி இசையாத காரியம் எத்தகையது என்பதை இரயில்வே ஊழியராகிய எம்போன்றோர் நன்கறிவோம்!)

கருவிகளின் சாவி கெர்டா டிட்சன் என்னும் தாதியிடம் இருந்தது. சோதனைக்குத் தம் உடலையே தர அவ்வம்மையார் உடன்பட்டார். அவரை மேசைமீது கட்டிப் படுக்கவைத்த ஃபோர்ஸ்மன், அவர் அறியாவண்ணம் தம் இடக்கையைக் கீறி, 65 செண்டிமீட்டர் குழலை உட்செலுத்தினார். பின்னர்க் குழல் தொங்கும் கையோடு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்குச் சென்றார். கண்ணாடியில் திரையைப் பார்த்தவாறே அதை மேலும் செலுத்தி, நுனி இதயத்தின் வலது மேலறையில் நிற்பதைப் படமெடுத்தார். சுவர் துளைபட்டிருப்பின், துடிப்புத் தடுமாறியிருப்பின், காப்பதற்கு அங்கு ஒரு ஏற்பாடும் இல்லை. துணிவைப் போற்றலாம், முறையைப் போற்றுதற்கில்லை.

கிடைத்தது ஏளனமே. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் நிலைக்க இயலாது, சிறுநீரக மருத்துவத்திற்கு மாறினார். 1932-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். மறைக்கத்தகாத கறை அது. போரில் படை மருத்துவராகி, அமெரிக்கரிடம் சிறைப்பட்டு, மீண்டபின் மரம் வெட்டியும் கிராமத்தில் வைத்தியம் பார்த்தும் பிழைத்தார். நியூயார்க்கில் கூர்னானும் ரிச்சர்ட்ஸும் அவர் வழியை வளர்த்தனர். 1956-இல் மூவருக்கும் நோபெல் பரிசு கிட்டியது. அவரை ஏற்காத அதே சாரிட்டேயில், 1967-இல் போர்ஸ்ட்மன் என்பவர், பிறந்தபின் மூடாதிருந்த இரத்தக்குழாயைக் குழல் வழியே அடைத்தார். 1979-இல் ஃபோர்ஸ்மன் இதயநோயால் காலமானார்.

அன்று அவரிடம் இல்லாத காப்பு இன்று குழல் அறையில் முன்னரே ஆயத்தமாக உள்ளது. துளையை அடைக்கும் சிறு கம்பிவலைக் குடை, சரியாகப் பொருந்தும்வரை கம்பியோடு பிணைந்தே இருக்கும். பொருந்தாவிடில் திரும்ப இழுத்துக்கொள்வர். விடுத்தபின் நழுவினால் கம்பிச் சுருக்கிட்டுப் பிடிப்பர்; அதுவும் இயலாவிடில் அறுவை மருத்துவர் எடுப்பார். இதயத்தைச் சூழ்ந்து இரத்தம் தேங்கினால் ஊசியால் வடிப்பர். கையொப்பத்திற்கு நீட்டப்படும் தாளில் இவையெல்லாம் எழுதப்பட்டிருப்பது கண்டு பெற்றோர் நடுங்குகின்றனர், கேட்டறிந்து ஒப்பமிடலாம். வீடு திரும்பிய குழந்தைக்கு மயக்கம், மூச்சுத்திணறல், மார்புவலி, படபடப்புத் தோன்றின் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.