ஜார்ஜ் எவரெஸ்ட்

உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் பெயரை நம் பள்ளியின் சிறு மாணவரும் உடனே சொல்வர். அப்பெயருக்கு உரியவர் யாரெனக் கேட்டால் பெரியோரும் விழிப்பர்.

ஜார்ஜ் எவரெஸ்ட் 1790ஆம் ஆண்டு பிறந்த பிரித்தானியர். இளமையிலேயே இந்தியா சென்று பீரங்கிப் படையில் சேர்ந்தார். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய இராஃபிள்ஸ் அப்போது சாவகத்தீவை ஆண்டு வந்தார். அவர் விருப்பப்படி 1814 முதல் 1816 வரை அத்தீவை அளந்தவர் இவரே. நம் வட்டாரத்தோடு இவருக்கிருந்த இத்தொடர்பை அறிந்தோர் சிலரே.

1802இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணியில் எவரெஸ்ட் 1818இல் உதவியாளரானார். 1823இல் லாம்டன் மறையவே, பொறுப்பு இவரிடம் வந்தது. காட்டுக் காய்ச்சலும் வாதமும் இவரை வாட்டின. எனினும், இந்தியாவின் தென்கோடி தொட்டு இமயத்தின் அடிவாரம் வரை நீண்ட அளவையை 1841இல் நிறைவு செய்தார்.

அங்கேதான் ஒரு புதிர் எழுந்தது. நடு இந்தியாவிலுள்ள கலியான்பூருக்கும் தில்லிக்கு வடக்கேயுள்ள கலியானாவுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அதனை நிலத்தில் முக்கோணங்கள் அமைத்தும் அளந்தனர். விண்மீன்களை நோக்கியும் கணித்தனர். இரண்டும் ஒத்துவரவில்லை. வேறுபாடு 5.236 விநாடிக் கோணம். ஒரு விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு. தரையில் அவ்வேறுபாடு சுமார் 160 மீட்டராகும். அளவையில் சேர்ந்த சிறு பிழைகளே காரணமென்று எண்ணிய எவரெஸ்ட், அவ்வேறுபாட்டைக் கணக்கில் பகிர்ந்து சரிசெய்தார்.

உண்மையில் அளந்தவர் மீது குற்றமில்லை. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடும் தூக்குக்குண்டை நாம் கண்டிருக்கிறோம். விண்மீனின் உயரத்தை அளப்பவருக்கும் செங்குத்து எதுவெனக் காட்டுவது அந்த ஈர்ப்பே. அருகில் பெருமலை இருந்தால் அதுவும் குண்டைத் தன்பால் சற்றே இழுக்கும். செங்குத்து சாய்ந்தால் இடத்தின் கணக்கும் பிழைக்கும். கலியானா இமயத்துக்கு அண்மையிலுள்ளது!

கல்கத்தாவில் சமயப் பணியாற்றிய பிராட் என்பார், 1855இல் இமயத்தின் ஈர்ப்பைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடையோ 15 விநாடிக்கும் மேல். இமயம் இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே இழுத்திருந்தது. மலையின் கீழே, எடை குறைந்த பாறை வேர்போல் ஆழ இறங்கியிருப்பதே அதற்குக் காரணமென்று வானியலார் ஏரி அதே ஆண்டில் விளக்கினார். மண்ணுக்கடியில் கிடப்பதை ஒரு குண்டும் நூலும் காட்டிக்கொடுத்த விந்தையை என்னென்பது!

எவரெஸ்ட் 1843இல் ஓய்வுபெற்று நாடு திரும்பினார். 1865இல் சிகரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. உள்ளூர் மக்கள் நாவில் அப்பெயர் வாராதென அவரே முன்னர் மறுத்திருந்தார். அடுத்த ஆண்டில் காலமானார். அவர் தம் பெயரை ஈவ்ரெஸ்ட் என்றே ஒலித்தார். உலகம் இன்றளவும் அவ்வாறு ஒலிப்பதில்லை.