கேப்டனை எழுந்து நடக்க வெச்ச கடலோரச் செடி! - ஸ்டெல்லரின் கதை

கடலோரப் பாறை இடுக்குல ஒரு சின்னச் செடி. குட்டிக் குட்டியா வெள்ளைப் பூ. நீங்க பார்த்தா என்ன பண்ணுவீங்க? ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சுட்டு நகர்ந்துடுவீங்க இல்லையா? 1741-ல் அலாஸ்காவை ஒட்டிய ஒரு தீவுல அந்தச் செடியைப் பார்த்த ஒருத்தர், இதைப் பறிக்க ஆள் கொடுங்கன்னு கப்பல் அதிகாரிகள்கிட்ட கேட்டார். அவங்க கொடுக்கலை.

அவர் பெயர் ஜார்ஜ் ஸ்டெல்லர். 1709-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ரஷ்யாவுக்குப் போய், விட்டஸ் பெரிங் தலைமையில் அமெரிக்கக் கரையைத் தேடிக் கிளம்பிய கப்பலில் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். கப்பலில் 70 பேருக்கும் மேல்.

திரும்பும் வழியில், ஆகஸ்ட் கடைசியில், குடிதண்ணீர் பிடிக்க ஷுமாகின் தீவுகளில் நின்றார்கள். அதற்குள் பலருக்கும் ஸ்கர்வி வந்துவிட்டது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், கை கால் அசையாது. காரணம் வைட்டமின் சி பற்றாக்குறை. ஆனா, வைட்டமின்னு ஒண்ணு இருக்கறதே அன்னிக்கு யாருக்கும் தெரியாது.

ஸ்டெல்லருக்குச் செடி தெரியும். அங்கே அவர் கண்ணில் பட்டது ஸ்கர்வி கிராஸ். பெயரில்தான் புல், உண்மையில் நம்ம கடுகுக்குச் சொந்தக்காரச் செடி. அடையாளம் ரொம்ப சிம்பிள். சிலுவை மாதிரி நாலே நாலு வெள்ளை இதழ், ஸ்பூன் வடிவத்தில் தடித்த இலை, மென்றால் கடுகு மாதிரி ஒரு காரம். ஐரோப்பிய மாலுமிகள் ஸ்கர்விக்கு மருந்தாகச் சாப்பிட்டுவந்த கீரை இது.

எல்லாருக்கும் சேர்த்துப் பறிக்கத்தான் ஆள் கேட்டார். மறுத்துவிட்டதாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. தன்னால் முடிந்ததை மட்டும் பறித்துவந்தார். படுத்த படுக்கையாகக் கிடந்த பெரிங், அந்த இலையைப் பச்சையாகச் சாப்பிட்டு எட்டே நாளில் எழுந்து மேல்தளத்துக்கு வந்தார்!

ஆனா, பறிச்சது கொஞ்சம்தானே? நவம்பரில் ஆளில்லாத ஒரு தீவில் கப்பல் ஒதுங்கியபோது நிறைய பேரால் நிற்கக்கூட முடியவில்லை. டிசம்பரில் பெரிங் அங்கேயே இறந்தார். இன்று அந்தத் தீவுக்கு அவர் பெயர்தான். அந்தப் பயணத்தில் இறந்தவர்கள் சுமார் 30 பேர். மிச்சமிருந்த 46 பேர் கடல் நீர்நாய்களின் இறைச்சியையும், பனி உருகியதும் ஸ்டெல்லர் தேடித்தந்த கீரைகளையும் சாப்பிட்டுத் தேறினார்கள். உடைந்த கப்பலின் மரத்திலேயே சின்னதாக இன்னொரு கப்பல் கட்டி, 1742 ஆகஸ்டில் கம்சட்கா போய்ச் சேர்ந்தார்கள்.

1746-ல் சைபீரியாவில் காய்ச்சலில் ஸ்டெல்லர் இறந்தபோது வயது 37. அடுத்த வருஷமே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வியைக் குணமாக்கும்னு சோதனை செய்து காட்டினார்.

அடுத்த தடவை பாறை இடுக்குல பூ பார்த்தா, போட்டோவோட நிறுத்தாம இதழை எண்ணுங்க, இலை வடிவத்தைப் பாருங்க. ஆனா, ஆப் சொல்லுதுன்னு நம்பி எதையும் வாயில் வெச்சுடாதீங்க. ஸ்டெல்லர் தைரியமா சாப்பிடச் சொன்னார்னா, அது என்ன செடின்னு அவருக்கு நிச்சயமாத் தெரியும்.