பூ, புத்தகம், ஒரு கன்றுக்குட்டி... கவிமணி ரசித்து வாழ்ந்த கதை!

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட். கன்னியாகுமரிக்குப் போறவங்க, திருவனந்தபுரத்துக்குப் போறவங்கன்னு எப்பவும் கூட்டம்தான். பக்கத்திலேயே கனகமூலம் சந்தை. காய்கறி, வாழைக்குலை, தேங்காய்னு நாஞ்சில் நாட்டு வயலும் தோப்பும் அங்கேதான் வந்து இறங்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புத்தேரி என்று ஓர் ஊர். ரீல்ஸ் எடுக்க அங்கே யாரும் போவதாகத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் எல்.கே.ஜி-யில் ஒப்பித்த முதல் பாட்டை எழுதியவர், கடைசிவரை வாழ்ந்தது அங்கேதான்.

எந்தப் பாட்டா? தோட்டத்தில் வெள்ளைப் பசு மேயும், பக்கத்தில் கன்றுக்குட்டி துள்ளும்... ஆங், அதேதான்! இப்போ மனசுக்குள்ள பாட ஆரம்பிச்சிருப்பீங்க. எழுதியவர் பேர் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிப்போம் என்று நினைக்கிறேன். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை.

'சின்னச் சின்ன விஷயங்களை ரசிங்க'ன்னு இன்னைக்கு எல்லா மோட்டிவேஷன் பேஜும் சொல்லுது. காலையில் ஒரு காபி, ஒரு பூ, ஒரு புத்தகம், போட்டோ எடுத்து ஸ்டோரி. சொல்றது ஈஸி. கையில் காசும், உடம்பில் தெம்பும், வீட்டில் நிம்மதியும் இருக்கிறவங்களுக்கு ரசனை தானா வரும். இது எதுவுமே சரியா அமையாதவங்களுக்கு? அதுக்குத்தான் கவிமணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கணும்.

1876 ஜூலை 27. சுசீந்திரம் பக்கத்தில் இருக்கும் தேரூரில் பிறந்தார். அப்பா சிவதாணுப் பிள்ளை, அம்மா ஆதிலட்சுமி. ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். அன்றைக்கு நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்ததால் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். தமிழை அவர் தனியாகத் தேடிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை மடத்தின் கிளை ஒன்று தேரூர்ப் பக்கம் இருந்தது. அங்கிருந்த சாந்தலிங்கத் தம்பிரான்தான் தமிழ் வாத்தியார். தாய்மொழியையே ட்யூஷன் வைத்துப் படித்தவர் என்று சொல்லலாம். இவர்தான் பின்னாளில் தமிழ்க் குழந்தைகளுக்கெல்லாம் பாட்டு எழுதினார்.

தேரூர் என்றதும் ஒரு விஷயம். அந்த ஊர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த நீர்நிலை 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. சீசன் வந்தால் கூழைக்கடா, செங்கால் நாரை என்று பறவைகள் வந்து இறங்கும். நீளமான லென்ஸோடு போட்டோகிராபர்களும் வந்து இறங்குவார்கள். கவிமணி சின்னப் பையனாக ஓடித் திரிந்த ஊர் அது. அவரிடம் கேமரா இல்லை. சும்மா நின்று பார்க்கிற பழக்கம் இருந்தது.

அந்தப் பசுப் பாட்டையே எடுத்துக்குங்க. ஒரு வரியில் பசு, அடுத்த வரியில் கன்று. மறுபடி பசு, மறுபடி கன்று. அம்மா கூப்பிடுது, குட்டி ஓடிவருது. அம்மா நக்குது, குட்டி பால் குடிக்குது. சினிமாவில் ரெண்டு பேர் பேசும்போது கேமரா மாறி மாறிக் காட்டுமே, கிட்டத்தட்ட அப்படி. அறிவுரை கிடையாது, கருத்து கிடையாது. பசு நல்ல பிராணி என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். தெருவில் போகிற சைக்கிளைக்கூட விடவில்லை. அதற்கும் ஒரு பாட்டு இருக்கு. அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது இன்றைய புது மாடல் போன் மாதிரி. குழந்தை எதைப் பார்த்து வாயைப் பிளக்குமோ அதைத்தான் அவரும் எழுதினார்.

இத்தனை பாட்டு எழுதியவருக்குச் சொந்தக் குழந்தை இல்லை.

1901-ல் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையைக் கல்யாணம் செய்தார். மனைவியைத் 'தாயி' என்றுதான் கூப்பிடுவாராம். பெண்டாட்டியை 'ஏய்', 'இந்தா' என்று கூப்பிட்ட காலத்தில் இது கொஞ்சம் அதிசயம்தான். பிள்ளை இல்லாத வீட்டில் சொந்தக்காரப் பையன் ஒருவனை மகனாக நினைத்து வளர்த்தார்கள். ஊர் சும்மாவா இருந்திருக்கும்? நம்ம ஊரில் 'விசேஷம் உண்டா'ன்னு கேட்காத கல்யாண வீடு இன்னைக்கும் கிடையாதே! அந்த வலியைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதி வைக்கவில்லை. மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் பாட, பாட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

வேலை? வாத்தியார். கோட்டாறு பள்ளி, நாகர்கோவிலில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பாடசாலை, அப்புறம் திருவனந்தபுரத்தில் பெண்கள் படிக்கும் கல்லூரி. முப்பது வருஷத்துக்கும் மேல் சாக்பீஸ் பிடித்த கை. நேரம் கிடைத்தால் கல்வெட்டு ஆராய்ச்சி. கோயில் சுவரில் தேய்ந்துபோன எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பது என்றால் சும்மா இல்லை, பொறுமையின் உச்சம்! ராஜராஜ சோழன் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச் சாலை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்; அது 1939-ல் வெளிவந்தது. 1931-ல் ஓய்வு பெற்றதும் புத்தேரிக்கு வந்துவிட்டார். மாமியார் ஊரில் செட்டில் ஆன ரிட்டயர்டு வாத்தியார்.

அவருடைய கவிதைகள் சேர்ந்து 'மலரும் மாலையும்' என்ற தொகுப்பாக வந்தது 1938-ல். அப்போது அவருக்கு 62 வயசு! முப்பது தாண்டினாலே 'இனிமே என்னத்த சாதிக்க'ன்னு ஸ்டேட்டஸ் போடுற நம்ம செட்டுக்கு இதை அண்டர்லைன் பண்ணிச் சொல்லணும். தலைப்பைப் பாருங்க. தனித்தனியா பூ, அதைத் தொடுத்தா மாலை. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இந்தத் தலைப்பைத் தேட ரொம்ப தூரம் போயிருக்க வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் தோவாளை. பிச்சி, மல்லி, சம்பங்கி, அரளி என்று விடியும் முன்னாலேயே வியாபாரம் சூடு பிடிக்கும் ஊர். ஓணம் வந்தால் கேரளத்து அத்தப்பூக் கோலங்களுக்கு இங்கிருந்துதான் லோடு லோடாகப் போகும். இந்தப் பகுதியில் பூவை யாரும் ஆடம்பரமாக நினைப்பதில்லை. பால், பேப்பர் மாதிரி அன்றாடச் செலவுக் கணக்கில் வரும்.

எனக்குப் பிடித்த கவிமணி, சிரங்கு வந்த கவிமணி. ஆமா, சொறி சிரங்குதான். உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு அவஸ்தைப்பட்டபோது, அதையும் பாட்டாக்கினார். கொப்புளங்களை விலை உயர்ந்த கற்களாக வரிசைப்படுத்தி, இவ்வளவு நகையையும் எனக்குக் கொடுத்தவர் சிரங்கு என்கிற பெரிய மனுஷர் என்று கிண்டலாக நன்றி சொல்லியிருப்பார். வடசேரியில் கோயில் நகை செய்கிற பட்டறைகள் இருக்கு. பரதநாட்டியக் கலைஞர்கள் போடுகிற சிவப்புக் கல், பச்சைக் கல் பதித்த நகைகள் இங்கேதான் தயாராகுது; 'நாகர்கோவில் கோயில் நகை'ன்னு புவிசார் குறியீடே இருக்கு. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சிரங்கை நகையாக்கினால் சிரிக்காமல் என்ன செய்ய? ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தவர் எழுதியது என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது. அரிப்பு நிஜம். சிரிப்பும் நிஜம்.

இதை வைத்து அவரை எப்பவும் சிரிச்ச முகமா இருந்த சாது என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் கவிமணி வேற மாதிரி. அப்போது நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி என்று ஒரு முறை இருந்தது. அப்பா சொத்து பிள்ளைகளுக்குப் போகாது. அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். புருஷன் கண்ணை மூடினால் மனைவியும் பிள்ளைகளும் நடுத்தெருவில். ஒன்பது வயதில் தகப்பனை இழந்தவருக்கு, அப்பா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1917-18 காலத்தில் 'தமிழன்' இதழில் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நையாண்டிக் காவியத்தை எழுதினார். அஞ்சு கல்யாணம் செய்த ஒரு பெரிய மனுஷனின் ஐந்தாவது மனைவி, தன் கதையைத் தானே சொல்லிப் புலம்புகிறாள். படிக்கும்போது சிரிப்பு வரும். வந்த வேகத்தில் தொண்டையில் நிற்கும். 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து சொத்துரிமை முறையை மாற்றியது. அந்த மாற்றத்துக்கு இந்தக் காவியமும் தெம்பு கொடுத்தது என்று நாஞ்சில் நாட்டில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

கன்றுக்குட்டியைக் கவனித்த அதே கண்தான் பக்கத்து வீட்டு மூலையில் அழுத பெண்ணையும் கவனித்தது. அவர் ரசனையை நான் மதிக்க முக்கியக் காரணம் இதுதான். அழகை மட்டும் பார்ப்பேன், மத்ததுக்கு மியூட் போட்டுடுவேன் என்கிற டைப் இல்லை அவர்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். பாரசீகத்தில் நிஷாப்பூர் என்ற ஊரில் பிறந்தவர் உமர் கய்யாம். கணித மேதை, வானியல் அறிஞர், காலண்டரைத் திருத்தியவர். அவர் பெயரில் வழங்கிய நாலடிப் பாட்டுகளை 1859-ல் எட்வர்ட் ஃபிட்ஜெரால்டு ஆங்கிலத்தில் வெளியிட, மெள்ள மெள்ள அது உலக ஹிட் ஆனது. ஆங்கிலத்தைப் படித்துத்தான் கவிமணி தமிழில் எழுதினார்; நூலாக வந்தது 1945-ல். அதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு உண்டு. ஆங்கிலத்தில் மரத்தடி, ஒரு ரொட்டி, ஒரு குடுவை மது, ஒரு கவிதைப் புத்தகம், பக்கத்தில் பாடுவதற்கு நீ. இவ்வளவு இருந்தால் பொட்டல்காடும் சொர்க்கம்.

கவிமணி என்ன பண்ணினார் தெரியுமா? ரொட்டியைத் தூக்கிவிட்டார். புத்தேரியில் ரொட்டிக்கு என்ன வேலை! அந்த இடத்துக்கு வெயிலுக்குத் தோதான நிழலும் தென்றலும் வந்துவிட்டன. ஏதோ ஒரு கவிதைப் புத்தகம் என்பது, கையில் கம்பன் என்று ஆனது. மதுக் கலசத்தை அப்படியே விட்டுவிட்டார், அதில் கை வைக்கவில்லை, நைஸ்! பாட்டும் பாடுகிற ஆளும் பத்திரமாக இருக்கிறார்கள். பாரசீகத்துப் பொட்டல், ஒரு சித்திரை மாதத்து மத்தியானத் தோப்பாக மாறிவிட்டது. மொழிபெயர்ப்பு என்றே தோன்றாது. நம்ம ஊர்த் தாத்தா ஒருத்தர் மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும்.

அந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்க. நிழல், காற்று, புத்தகம், பாட்டு, கூட ஒரு ஆள். காசு கொடுத்து வாங்க வேண்டியவை ரொம்பக் கம்மி. அதிலும் புத்தகம் நடு இடத்தில் இருக்கு. கவிமணிக்கு வாசிப்பு என்பது தனியாக மூலையில் உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. போன்ற நண்பர்கள் அவருக்கு இருந்தார்கள். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால், வாய்விட்டுச் சொல்லி, திருப்பிச் சொல்லி, ரசித்து, அதிலேயே ஒரு சாயங்காலத்தைக் கழிக்கிற கூட்டம் அது. கவிமணியின் பாட்டுகளை ஊர் ஊராகப் பேசிப் பிரபலமாக்கியதில் டி.கே.சி-க்குப் பெரிய பங்கு உண்டு. எட்வின் ஆர்னால்டின் புத்தர் காவியத்தைத் தழுவி அவர் எழுதிய 'ஆசிய ஜோதி' 1941-ல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னையில் 'கவிமணி' பட்டம் கிடைத்திருந்தது. பட்டம் வாங்கியபின் சென்னைக்கு வீடு மாறினாரா என்றால், இல்லை. மறுபடியும் புத்தேரிதான்.

1954 செப்டம்பர் 26-ல், 78 வயதில் கவிமணி இறந்தார். அப்போது அவருடைய ஊர் திரு-கொச்சி மாநிலத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாடுகிற பாட்டை எழுதியவர், தன் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்ததைப் பார்க்கவில்லை. 2005-ல் மத்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

அவர் நூல்களுக்கு இப்போது காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, போனிலேயே படிக்கலாம். முதலில் உமர் கய்யாம் பாடல்களை எடுங்க, சின்னது, ஒரு பஸ் பயணத்தில் முடிஞ்சிரும். நாகர்கோவில் பக்கம் போனால், விடியக் காலையில் தோவாளைப் பூச்சந்தை, வெயில் ஏறும் முன் தேரூர்க் குளம். வடசேரியிலிருந்து பஸ் உண்டு. குளக்கரையில் பறவைகளைப் படம் எடுக்கிறவங்க, ஃப்ளாஷை ஆஃப் பண்ணிக்குங்க மக்களே!