இங்க் கக்கிய பேனாக்களை ரிப்பேர் செய்த தந்தி வாத்தியார்: யார் இந்த ஜார்ஜ் பார்க்கர்?

பார்க்கர் பேனா! வெளிநாட்டில் இருந்து வரும் மாமா பெட்டியோடு கொடுப்பது, ரிட்டையர்மென்ட் விழாவில் சால்வை போர்த்திவிட்டுக் கையில் திணிப்பது, அம்பு கிளிப் வெளியே தெரியும்படி சட்டைப் பையில் குத்திக்கொள்வது என்று ஒரு காலத்தில் அதற்கு இருந்த மவுசே தனி. ஆனால் பார்க்கர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்கும் தெரியாது. அவர் நகை வேலை தெரிந்தவரும் இல்லை, பணக்காரரும் இல்லை. விற்ற பேனா எல்லாம் லீக் ஆகி, வாங்கியவர்கள் முகத்தில் முழிக்க முடியாமல் தவித்த ஒரு வாத்தியார்.

தந்தி படிக்க வந்த பையன்

ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர் பிறந்தது 1863 நவம்பர் 1ஆம் தேதி. ஊர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள ஷல்ஸ்பர்க். வளர்ந்தது அயோவா மாகாணத்தில், விவசாயக் குடும்பத்தில். ஏர் பிடிப்பதில் அவருக்கு நாட்டமில்லை. அந்தக் காலத்தில் ரயிலோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது தந்தி. தந்தி அடிக்கத் தெரிந்தால் வேலை நிச்சயம். அதைப் படிக்கத்தான் ஜேன்ஸ்வில் என்ற ஊருக்கு வந்தார். படித்த பள்ளியிலேயே பிறகு வாத்தியார் ஆனார்.

வேலை கிடைத்ததே தவிர, சம்பளம் கைக்கும் வாய்க்கும்தான் சரியாக இருந்தது. அதனால் சைடில் ஒரு வியாபாரம் தொடங்கினார். சின்சினாட்டியைச் சேர்ந்த ஜான் ஹாலண்ட் கம்பெனியின் இங்க் பேனாக்களைத் தன் மாணவர்களுக்கே விற்றார். தந்தி படிக்கிற பையன்களுக்கு நல்ல பேனா அவசியம். காதில் கட்-கட் என்று விழும் சங்கேதத்தைக் கேட்டுக்கொண்டே, நிற்காமல், வேகமாக எழுதியாக வேண்டும். நடுவில் பேனா மக்கர் பண்ணினால் செய்தியே போச்சு!

ஆனால் அந்தப் பேனாக்கள் மக்கர் பண்ணின. எழுதும்போது திடீரென்று மை வராது, உதறினால் மொத்தமாகக் கொட்டும். வாங்கிய பையன்கள் ஒவ்வொருவராகப் பேனாவைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரிடமே வந்து நின்றார்கள். கம்பெனியோ எங்கோ தூரத்தில் இருக்கிறது. காசு வாங்கியவர் இவர். பதில் சொல்ல வேண்டியவரும் இவர்தான்.

பார்க்கர் கையை விரிக்கவில்லை. சின்ன லேத், ரம்பம், அரம் என்று கொஞ்சம் சாமான்கள் வாங்கிப் போட்டுக்கொண்டு, பேனாக்களைத் தானே பிரித்து ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். ஒரே கோளாறைப் பத்து பேனாவில் பார்த்த பிறகு அவருக்கு ஒன்று புரிந்தது. தப்பு பேனாவில் இல்லை, அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1888ல் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். 1889 டிசம்பரில் முதல் காப்புரிமையும் கிடைத்தது.

அப்படி என்னதான் பிரச்னை?

இங்க் பேனா பயன்படுத்தியவர்களுக்கு இது நல்லாவே தெரியும். பேனாவைப் பையில் குத்தி வைத்திருப்போம். எடுத்து மூடியைத் திறந்தால் கழுத்துப் பகுதி முழுக்க மை. விரல் நாசம், சட்டையும் நாசம்.

காரணம், உடம்புச் சூடு. நிப்புக்கு அடியில் நாக்கு போல ஒரு பகுதி இருக்கும். அதில் உள்ள மெல்லிய காடி வழியாகத்தான் மை நிப்புக்கு வருகிறது. பேனாவை நிமிர்த்தி வைத்தாலும் அந்தக் காடியில் இருக்கும் மை கீழே இறங்காது. குறுகலான இடத்தில் திரவம் ஒட்டிக்கொண்டு நிற்பது இயற்கை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே சமாச்சாரம்தான். பேனாவைச் சட்டைப் பையில் வைத்ததும் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். விரிந்த காற்று வெளியேற வழி தேடும். வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் மையை அது மூடிக்குள் தள்ளிவிட்டுப் போகும்.

பார்க்கர் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப சிம்பிள். அந்த நாக்கின் பின்பக்கத்தை நீட்டி, வளைத்து, பேனாக் குழாயின் உள்சுவரைத் தொடும்படி செய்தார். பேனாவை நிமிர்த்தியதும், காடியில் நிற்கும் மை அந்த வளைவு வழியாகச் சுவரைத் தொட்டு, கீழே வழிந்து இறங்கிவிடும். வழி காலி. சூடான காற்று மையைத் தள்ளாமல் தானாக வெளியே போய்விடும். 1894ல் காப்புரிமை பெற்ற இதன் பெயர் லக்கி கர்வ். அது எந்த அளவுக்கு வேலை செய்தது என்று இன்றைய பேனா சேகரிப்பாளர்கள் சண்டை போடுவார்கள். ஆனால் வியாபாரத்தில் அது கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. 1920களின் பின்பகுதி வரை பார்க்கர் பேனாக்களில் அந்த வளைவு இருந்தது.

ஆயிரம் டாலர் பார்ட்னர்

யோசனை இருந்தால் போதுமா, பணம் வேண்டாமா? இன்ஷூரன்ஸ் தொழிலில் இருந்த பால்மர் என்பவர் 1,000 டாலர் போட்டுப் பாதிப் பங்கை வாங்கிக்கொண்டார். 1892ல் கம்பெனி முறைப்படி பதிவானது. அப்போது சந்தையின் ராஜா வாட்டர்மேன். நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்த லூயிஸ் வாட்டர்மேன், 1884லேயே காப்புரிமை வாங்கி ஓடத் தொடங்கியிருந்தார். சின்ன ஊர் வாத்தியாரான பார்க்கருக்கு முன்னால் நின்றது அப்படிப்பட்ட மலை.

பார்க்கர் ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் முதலாளி இல்லை. கப்பல் ஏறி நாடு நாடாகப் போய் ஆர்டர் பிடித்தார். 1903லேயே டென்மார்க்கில் விற்பனையாளரை நியமித்துவிட்டார். இன்னொரு பக்கம், பகட்டும் அவருக்குத் தெரியும். இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து, பச்சைக் கண்ணோடு பேனாவைச் சுற்றிக் கிடப்பது போல 1900களின் தொடக்கத்தில் ஒரு மாடல் கொண்டுவந்தார். அன்று அது அதிகம் விற்கவில்லை. இன்று நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் விலை பல லட்சம் ரூபாய்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது அவர் செய்தது வேறு மாதிரியான பேனா. பதுங்கு குழியில் இருக்கும் சிப்பாய் மை பாட்டிலுக்கு எங்கே போவான்? அதனால் பேனாவின் பின்பக்கத்தில் மை வில்லைகளை வைத்துக் கொடுத்தார். வில்லையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மை ரெடி. ராணுவத்தின் ஒப்பந்தமும் கிடைத்தது.

7 டாலர் சூதாட்டம்

போர் முடிந்ததும் மந்தம். இந்த நேரத்தில்தான் கம்பெனியின் விற்பனை மேலாளர் லூயிஸ் டெபல் ஒரு யோசனையோடு வந்தார். பேனா பெரிதாக இருக்க வேண்டும், நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்க வேண்டும், விலை 7 டாலர்! அன்று பேனா என்றாலே பெரும்பாலும் கறுப்புதான். சாதாரணப் பேனாக்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விலை. நிர்வாகம் தயங்கியதில் ஆச்சரியமில்லை. டெபல் விடவில்லை. சில பேனாக்களைச் செய்ய வைத்து, தன் பகுதியில் விற்றே காட்டினார். 1921ல் வந்த அந்த டுவோஃபோல்ட், பார்க்கரின் தலையெழுத்தையே மாற்றியது.

டுவோஃபோல்ட் ஜெயித்ததற்கு நிறம் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அதன் நிப்பு. இங்கேதான் எழுதும் சுகம் பற்றிய விஷயம் வருகிறது.

வாட்டர்மேன் நிப்புகளின் பெருமை அவற்றின் நெளிவு. லேசாக அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினால் மயிரிழை போல மெலியும். அழகு சொட்டும் கையெழுத்து வேண்டும் என்பவர்களுக்கு அதற்கு ஈடே இல்லை. ஆனால் அலுவலகங்கள் மாறிக்கொண்டிருந்தன. அலங்காரக் கையெழுத்து போய், வேகமான கையெழுத்து வந்தது. நடுவில் கார்பன் பேப்பர் வைத்து அழுத்தி எழுத வேண்டியிருந்தது. அதற்கு நெளியும் நிப்பு சரிவராது, கால் வளைந்து வீணாகிவிடும்.

இதை முதலில் பிடித்தவர் பார்க்கர் இல்லை, போட்டியாளரான ஷேஃபர். 1920ல் 8.75 டாலருக்கு லைஃப்டைம் என்ற பேனாவை, ஆயுள் உத்தரவாதத்தோடு கொண்டுவந்தார். நிப்பு கனமானது, ஆணி போல உறுதியானது. டுவோஃபோல்டும் அதே வழியில் வந்ததுதான். அகலமான, தடித்த தங்க நிப்பு. 25 வருட உத்தரவாதம். அழுத்தினால் வளைந்து கொடுக்காது, ஆனால் அழுத்தவே தேவையில்லை. பேனாவின் எடையிலேயே மை இறங்கும். கோடு எங்கும் ஒரே தடிமன். வாட்டர்மேனின் நல்ல நெளியும் நிப்பில் எழுதிவிட்டு இதைக் கையில் எடுப்பவருக்கு முதலில் கொஞ்சம் சப்பென்று இருக்கும். பத்துப் பக்கம் எழுதிய பிறகு பார்த்தால், கை வலிக்காமல் இருப்பது இதில்தான்.

தங்கம் ஏன்? அந்தக் கால மையில் அமிலம் இருந்தது. எஃகு நிப்பு சீக்கிரம் அரித்துப்போகும், 14 கேரட் தங்கம் அரிக்காது. ஆனால் தங்கம் மெத்தென்ற உலோகம், காகிதத்தில் தேய்த்தால் கரைந்துவிடும். அதனால் நுனியில் மட்டும் ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடினமான உலோகக் கலவையை ஒரு பொட்டு போல ஒட்டுவார்கள். அதாவது, எவ்வளவு காஸ்ட்லி பேனாவாக இருந்தாலும் காகிதத்தைத் தொடுவது தங்கம் இல்லை! வழுக்கிக்கொண்டு எழுதுகிறதா, கீறுகிறதா என்பது அந்தப் பொட்டை எப்படி மெருகு போட்டிருக்கிறார்கள், இரண்டு காலும் சமமாக இருக்கின்றனவா, மை எவ்வளவு தாராளமாக வருகிறது என்பதைப் பொறுத்தது. 21 கேரட் என்று எழுதியிருப்பதால் மட்டும் நிப்பு நெளியாது. ஜப்பானின் சைலர் பேனாக்களின் 21 கேரட் நிப்புகள் பல நல்ல உறுதியானவை. கூராக்கிய பென்சிலில் எழுதுவது போன்ற ஒரு மெல்லிய உரசலுக்குப் பேர் போனவை. ஜெர்மனியின் பெலிக்கனோ மை தாராளம், கோடும் சற்றுப் பட்டை. ஜப்பானியப் பேனாக்களில் ஃபைன் என்றால் மேற்கத்திய ஃபைனை விட மெல்லியதாக இருக்கும். சின்ன இடத்தில் நிறைய கோடு போடும் எழுத்துமுறை அவர்களுடையது.

மகன் கைக்குப் போன கம்பெனி

1930களின் தொடக்கம் பார்க்கருக்குக் கடினமான காலம். பொருளாதாரப் பெருமந்தம் ஒரு பக்கம். 1933ல் மூத்த மகன் ரஸ்ஸல் இறந்துபோனார். இன்னொரு மகன் கென்னத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே வருடம்தான், ரப்பர் பை இல்லாமல் குழாயிலேயே மை நிரப்பும் வேக்குமேட்டிக் மாடல் அந்தப் பெயரோடு பரவலாக விற்பனைக்கு வந்தது. பேனாவை எப்போதும் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்ய முடியும் என்று நம்பிய கிழவருக்கு, அது பார்க்கக் கிடைத்த கடைசிப் பெரிய மாற்றம். 1937 ஜூலையில், 73 வயதில் ஜார்ஜ் பார்க்கர் சிகாகோவில் காலமானார்.

உலகம் அதிகம் கொண்டாடிய பார்க்கர் பேனாவை அவர் பார்க்கவே இல்லை. 1941ல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51 அது. கம்பெனியின் 51ஆவது வருடத்தில் உருவானதால் அந்தப் பெயர். சட்டென்று காயும் மைக்காகச் செய்த பேனா. அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடக் கூடாது என்பதால் நிப்பைக் குழாய் வடிவில் செய்து, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்படி மூடிவிட்டார்கள். நெளிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, மறுபடி எழுதினாலும் முதல் எழுத்திலேயே மை வரும். பழைய 51 வைத்திருப்பவர்கள் இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது கையெழுத்துக்குப் பயன்பட்ட பேனாக்கள் பார்க்கர் 51. ஐசன்ஹோவர் அவற்றை வெற்றிக் குறி போலப் பிடித்துக் காட்டிய படம் பிரபலம். அதே வருடம் செப்டம்பரில் ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் மெக்கார்தர் பயன்படுத்திய பேனாக்களில் ஒன்று, அவர் மனைவியின் சிவப்பு டுவோஃபோல்ட்.

இப்போது பார்க்கர் யார் கையில்?

பால்பாயின்ட் பேனா வந்தபின் இங்க் பேனா ஆடம்பரப் பொருளாகிவிட்டது. 1993ல் பார்க்கரை ஜில்லெட் வாங்கியது, 2000ல் அது நியூவெல் குழுமத்துக்குக் கைமாறியது. ஜேன்ஸ்வில்லில் மிச்சமிருந்த ஆலையை மூடப் போவதாக 2009ல் அறிவிப்பு வந்தது. இப்போது பார்க்கரின் உயர்ரகப் பேனாக்கள் பிரான்ஸில், நான்ட் நகருக்கு அருகில் உள்ள தொழிற்சாலையில் தயாராகின்றன. டுவோஃபோல்ட் என்ற பெயர் இன்றும் இருக்கிறது, 18 கேரட் நிப்போடு.

அதே தொழிற்சாலையில், அதே முதலாளியின் கீழ் இன்னொரு கம்பெனியின் பேனாவும் தயாராகிறது. பார்க்கர் வாழ்நாள் முழுக்க யாரோடு மல்லுக்கட்டினாரோ, அந்த வாட்டர்மேன்தான் அது.