ஆண்டர்சனின் தேவதைக் கதைகளில் தன்பாலினக் காதல்: வாழ்க்கை வரலாற்று நோக்கு

தேவதைக் கதையைத் தனி ஓர் ஆசிரியரின் படைப்பு வடிவமாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் (1805–1875). கிரிம் உடன்பிறந்தோர் நாட்டார் வழக்கிலிருந்த கதைகளைத் தொகுத்தனர். ஆண்டர்சன் தம் கதைகளுள் பெரும்பாலானவற்றைத் தாமே புனைந்தார். ஆதலின் அவற்றில் அவருடைய வாழ்வின் தடத்தைத் தேடுவது பொருத்தமற்றதன்று. சிறார் உலகெங்கும் படித்துவரும் ‘குட்டிக் கடற்கன்னி’ (1837), ஆண் ஒருவர்மீது அவர் கொண்டு நிறைவேறாமற்போன காதலோடு நெருங்கிய தொடர்புடையது.

ஃபூன் தீவின் ஓடென்சே நகரில் 1805 ஏப்ரல் 2 அன்று அவர் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தவர். 1816இல் தந்தை இறந்தார். 1819இல், பதினான்கு வயதில், நாடக அரங்கில் பாடவும் ஆடவும் வேண்டுமென்ற ஆசையுடன் ஆண்டர்சன் தனியே கோபன்ஹேகன் சென்றார். இனிய குரலால் சிலர் ஆதரவைப் பெற்றார்; பருவமாற்றத்தால் குரல் உடைந்ததும் இசைப்பயிற்சி நின்றது. குரலை இழந்து நிற்றல் அவருக்கு முதலில் வாழ்வில் நேர்ந்தது. கதைக்குப் பின்னரே வந்தது. அரச நாடக அரங்கின் இயக்குநர் குழுவிலிருந்த யோனாஸ் கொலின் என்பவர் அரச நிதியுதவி பெற்றுத் தர, 1822இல் ஸ்லாகெல்சே நகரப் பள்ளியில் தம்மினும் மிக இளைய சிறுவரோடு அமர்ந்து அவர் கல்வியைத் தொடர்ந்தார்.

கொலின் குடும்பமே பின்னர் அவருக்கு வீடாயிற்று. அக்குடும்பத்து மகன் எட்வர்ட் கொலின் ஆண்டர்சனைவிட மூன்று வயது இளையவர். சட்டம் பயின்ற அரசு அலுவலர். ஆண்டர்சனின் பண விவகாரங்களையும் கையெழுத்துப் படிகளையும் பொறுப்புடன் கவனித்தவர். டேனிய மொழியில் முன்னிலைக்கு ‘டூ’, ‘டீ’ என இரு சொற்கள் உண்டு. முன்னது தமிழின் ‘நீ’ போல நெருக்கம் காட்டுவது. பின்னது ‘நீங்கள்’ போல மதிப்பும் தொலைவும் காட்டுவது. 1831இல் ஆண்டர்சன், இனி இருவரும் ‘டூ’ என விளித்துக்கொள்ளலாம் என்று கடிதத்தில் வேண்டினார். எட்வர்ட் நயமாக மறுத்தார். அம்மறுப்பை ஆண்டர்சன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ‘நீ’யிலிருந்து ‘நீங்கள்’ எத்தனை தொலைவு என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

எட்வர்டுக்கு எழுதிய கடிதங்களில் ஆண்டர்சன் தம் உணர்வைப் பெண்ணின் உணர்வுக்கு ஒப்பிட்டார். அது மறைபொருளாகவே இருக்க வேண்டும் என்றும் குறித்தார். அக்காலத்தில் ஆண்கள் தம் நட்பைக் காதல் மொழியில் எழுதுவது வழக்கமே என்று கூறி இக்கடிதங்களின் பொருளைக் குறைப்போர் உளர். வழக்கம் உண்மை. ஆனால் எல்லோரும் எழுதும் வழக்கமான மொழியை மறைக்கச் சொல்ல வேண்டிய தேவை என்ன? ரீபோர்க் வோய்க்ட், யென்னி லிண்ட் முதலிய பெண்களையும் அவர் விரும்பினார் என்பது இதற்கு மறுப்பாகாது. அவருடைய காதல் ஒரு பாலோடு நின்றதன்று என்பதையே அது காட்டும்.

1836 ஆகஸ்டில் எட்வர்ட், ஹென்ரியட் துய்பெர்க் என்பவரை மணந்தார். ஆண்டர்சன் அப்போது கோபன்ஹேகனில் இல்லை. ஃபூன் தீவில் இருந்தார். எட்டுத் திங்கள் கழித்து, 1837 ஏப்ரலில், ‘குட்டிக் கடற்கன்னி’ அச்சில் வந்தது. புயலில் இளவரசனைக் காப்பாற்றிய கடற்கன்னி, மனித வடிவம் பெறத் தன் நாவைச் சூனியக்காரிக்குக் கொடுக்கிறாள். இளவரசன் அவளைக் குழந்தையைப் போல நேசிக்கிறான். தன் அறை வாயிலில் மெத்தை இட்டு உறங்க வைக்கிறான். அவளை அரசியாக்கும் எண்ணம் மட்டும் அவனுக்குத் தோன்றுவதில்லை. இங்கு ஒரு சிறு செய்தியைப் பலரும் கடந்துசென்றுவிடுகின்றனர்: தன்னுடன் குதிரையில் வருவதற்காக இளவரசன் அவளுக்கு ஆணின் உடை தைப்பிக்கிறான். ஆணுடையில், வாய்பேசாத் தோழனாக உடன் செல்பவளின் இடம், கொலின் வீட்டில் ஆண்டர்சனின் இடத்தை ஒத்தது. தமிழ் ஆய்வாளர் இதனைக் கைக்கிளை எனப் பெயரிட முற்படலாம். ஆனால் தொல்காப்பியம் கூறும் கைக்கிளைத் தலைவன் மறுமொழி பெறாவிடினும் தானே சொல்லி இன்புறுகிறான். கடற்கன்னிக்குச் சொல்வதற்கு நாவே இல்லை.

கதை மணவிழாவோடு முடியவில்லை. இளவரசனைக் கொன்றால் மீண்டும் கடலுக்குத் திரும்பலாம் என்ற நிலையில், அவள் கத்தியைக் கடலில் எறிந்து, காற்றின் மகளிருள் ஒருத்தியாகிறாள். முந்நூறு ஆண்டு நற்செயலால் அழியா ஆன்மாவைத் தானே ஈட்டலாம். ஃபூக்கேயின் ‘உண்டினே’ கதையைப் போல ஆன்மா கிடைப்பதை மற்றொருவரின் காதலைச் சார்ந்ததாகத் தாம் ஆக்கவில்லை என்று ஆண்டர்சன் நண்பர் இங்கெமானுக்கு எழுதினார். இம்முடிவை ஒட்டவைத்த நீதி என்று குறைகூறுவது எளிது. மறுக்கப்பட்டவர் தம் மதிப்பைத் தம்மை மறுத்தவரின் கையில் விடாதிருக்க மேற்கொண்ட முயற்சியாகவே அதனைக் கொள்ளல் தகும்.

‘நிழல்’ (1847) கதையில் பழைய காயம் வெளிப்படையாகவே தெரிகிறது. தன் நிழலாயிருந்தவனிடம் அறிஞன் ‘டூ’ என விளித்துக்கொள்ளலாம் என்கிறான். நிழல் தன்னை அவ்வாறு அழைப்பதை ஏற்க மறுத்து, தான் மட்டும் அறிஞனை அவ்வாறு அழைக்கிறது. இறுதியில் அறிஞன் கொல்லப்படுகிறான்.

பிற்காலத்தில் வைமார் இளவரசர் கார்ல் அலெக்சாண்டரிடமும், 1860களின் தொடக்கத்தில் நடனக் கலைஞர் ஹரால்ட் ஷார்ஃபிடமும் அவர் பெரும் பற்றுக் கொண்டிருந்தார். அடுப்பின்மீது காதல் கொண்டு உருகும் ‘பனிமனிதன்’ (1861) கதையை ஷார்ஃபோடு தொடர்புபடுத்துவோர் உளர். பனி உருகியபின், உள்ளே நட்டிருந்த அடுப்புக்கோல் மட்டும் நிற்கிறது.

தன்பாலீர்ப்பைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லைக் கெர்ட்பெனி அச்சிட்டது 1869இல்; அப்போது ஆண்டர்சனுக்கு வயது 64. தம் காதலுக்குப் பெயர் தேடிய தலைமுறையைச் சேர்ந்தவரல்லர் அவர். 1875 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். 1882இல் எட்வர்ட் எழுதிய நினைவு நூல், அவ்வன்புக்குத் தம்மால் ஈடுகொடுக்க இயலாமை ஆண்டர்சனுக்குத் துன்பம் தந்ததை ஒப்புக்கொண்டது. 1901இல் ஹிர்ஷ்ஃபெல்ட் ஜெர்மனியில் வெளியிட்ட ஆண்டிதழ் இப்பொருளை வெளிப்படையாக விவாதித்தது.

கோபன்ஹேகனின் அசிஸ்டென்ஸ் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். எட்வர்டும் ஹென்ரியட்டும் பின்னர் அதே நிலத்தில் அடக்கமாயினர். 1914இல் அக்கல் வேறோர் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டது. இப்போதுள்ள கல்லில் ஆண்டர்சன் பெயர் மட்டுமே உள்ளது. மூவரும் அதன்கீழேயே உள்ளனர்.