ஜான் குவின்ஸி ஆடம்ஸ்

ஒரு நாட்டின் தலைமைப் பதவியை வகித்து இறங்கியவர், பின்னர் அந்நாட்டுச் சட்டசபையில் சாதாரண உறுப்பினராய்ப் போய் அமர்வது அரிது. அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் ஆறாவது ஜனாதிபதியாகிய ஜான் குவின்ஸி ஆடம்ஸ் என்பார் அவ்வாறு அமர்ந்தார். அவர் ஜனாதிபதியாயிருந்து செய்தவற்றைக் காட்டிலும், அதன் பின்னர்ப் பதினேழாண்டு அச்சபையிலிருந்து செய்ததே பெரிது என்பது எம் எண்ணம். ஆதலின் அவரது வாழ்வின் முற்பகுதியை விரைந்து கடந்து, பிற்பகுதியிற் சிறிது தங்கிச் செல்வோம்.

இவர் 1767-ம் ஆண்டு ஜூலை 11-ம் தேதி, அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மஸாசூஸெட்ஸ் நாட்டில் பிரெயின்ட்ரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பின்னாளில் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். எட்டு வயது நிரம்புமுன்னரே, 1775-ல், தாயார் அபிகேலுடன் ஒரு குன்றின்மேல் நின்று பங்கர் குன்றுப் போரைத் தொலைவிற் கண்டார். பத்து வயதில் தந்தையாருடன் பிரான்சு சென்றார். பதினான்கு வயதில் ருஷ்ய நாட்டுக்கனுப்பப்பட்ட தூதர் ஒருவர்க்கு எழுத்தராயும் மொழிபெயர்ப்பாளராயும் சென்றார். 1787-ல் ஹார்வர்ட் கல்லூரியிற் பட்டம் பெற்று, சட்டம் பயின்று, பல ஐரோப்பிய நாடுகளில் தூதராய் விளங்கினார். பன்னிரண்டு வயதில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை ஏறக்குறைய வாழ்நாள் முழுதும் விடாதெழுதினார். நம் மாணவர் ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் அதன் அருமை புலனாகும்.

1803-ல் செனட் சபை உறுப்பினரானார். அக்காலத்திற் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டசபைகளே. பொதுஜனங்கள் அவ்வுரிமையை 1913-ம் ஆண்டிற்றான் பெற்றனர். தம் மாகாணத்து வணிகர் வெறுத்த கப்பல்தடைச் சட்டத்தை ஆடம்ஸ் ஆதரித்தமையால், சட்டசபையார் அவர் தவணை முடியுமுன்பே அவரிடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்துவிட்டனர். அவரும் 1808-ல் பதவியைத் துறந்தார். தம்மைத் தேர்ந்தெடுத்தோர்க்கு அஞ்சி வாக்களிக்கும் வழக்கம் அவரிடம் என்றுமில்லை.

1817 முதல் வெளிநாட்டு மந்திரியாயிருந்தவர், 1824-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். அந்நாட்டில் ஜனாதிபதியை முடிவாகத் தெரிவு செய்வோர் பொதுஜனங்களல்லர். மாகாணந்தோறும் நியமிக்கப்படும் தேர்வாளரே. அவ்வாண்டில் தேர்வாளர் வாக்குகள் 261. அவற்றுள் ஜாக்ஸன் 99, ஆடம்ஸ் 84, கிராபோர்டு 41, கிளே 37 பெற்றனர். பாதிக்கு மேல் ஒருவரும் பெறாமையின், அரசியற் சட்டப்படி முடிவு பிரதிநிதிகள் சபையைச் சார்ந்தது. அங்கு முதல் மூவரையே கருதலாம். பெரிய மாகாணமாயினும் சிறியதாயினும் வாக்கு ஒன்றே. நான்காமவராய் விலக்கப்பட்ட கிளே, அச்சபையின் சபாநாயகர். அவர் ஆடம்ஸை ஆதரித்தார். இருபத்து நான்கு மாகாணங்களில் பதின்மூன்று ஆடம்ஸுக்குக் கிடைக்கவே, 1825-ம் ஆண்டு பிப்ரவரி 9-ம் தேதி அவர் ஜனாதிபதியாய்த் தெரிவு செய்யப்பட்டார். உடனே கிளேயை வெளிநாட்டு மந்திரியாக்கினார். இருவரும் பேரம் பேசிக்கொண்டனர் என்று ஜாக்ஸன் கட்சியார் நாடெங்கும் பறைசாற்றினர். பேரம் ஒன்று நிகழ்ந்ததற்குச் சான்றில்லை. எனினும் அந்நியமனம் விவேகமானதன்று. நான்காண்டும் அப்பழியே அவரைத் தொடர, 1828-ல் ஜாக்ஸனிடம் படுதோல்வி யடைந்தார்.

இனி ஊரில் ஓய்ந்திருப்பார் என்றே யாவரும் கருதினர். 1830-ல் பிளிமத் பகுதி மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்கனுப்ப விரும்பினர். குடும்பத்தார் இதனைக் கௌரவக் குறைவென்றெண்ணினும், ஆடம்ஸ் இசைந்தார்.

அடிமைத்தனத்தை ஒழிக்கவேண்டுமென்று வடமாகாண மக்கள் சபைக்கு விண்ணப்பங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பிய காலம் அது. குறைகளை நீக்கும்படி அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை 1791-ம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியற் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தென்மாகாணத்தாரோ சபையில் வலிமை மிக்கவர். வாக்குரிமையற்ற அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைத் தொகையிற் சேர்த்துக் கணக்கிட்டு அவர்களுக்கு ஸ்தானங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. 1836-ம் ஆண்டு மே 26-ம் தேதி, அடிமைத்தனம் பற்றிய விண்ணப்பம் எதுவாயினும், அதனை அச்சிடாமலும் ஆலோசியாமலும் ஒதுக்கிவிடவேண்டுமென்று 117 வாக்குக்கு 68 வாக்காகத் தீர்மானித்தனர். இதற்கு வாய்ப்பூட்டு விதி என்று பெயராயிற்று.

ஆடம்ஸ் அதுவரை அடிமை ஒழிப்புக் கட்சியைச் சேர்ந்தவரல்லர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1831-ல் சில விண்ணப்பங்களைச் சமர்ப்பித்தபோது, அவற்றின் கோரிக்கையைத் தாம் ஆதரிக்கவில்லை யென்றே கூறினார். ஆயின் மக்கள் குரலையே கேளாதிருப்பதை அவராற் பொறுக்க முடியவில்லை. சபை விதிகளை அவர்போற் கற்றவர் அங்கெவருமிலர். சபாநாயகர் தடுக்குமுன் விண்ணப்பத்தின் சாரத்தைச் சொல்லிவிடுவார். தடுத்தால், தடுத்தது முறையா என்று விவாதிப்பார். 1837-ல், அடிமைகளே அனுப்பியதாகத் தோன்றும் ஒரு விண்ணப்பம் தம்மிடமுள்ளது, அதனைச் சமர்ப்பிக்கலாமா என்று அமைதியாய் வினவினார். சபை கொந்தளித்தது, அவரைத் தண்டிக்கத் தீர்மானங்கள் எழுந்தன. நெடுநேரம் கூச்சலிட்ட பின்னரே, அவ்விண்ணப்பம் அடிமைத்தனத்தை நீக்கவேண்டாமென்று கோருவது என்பதை அறிந்து வெட்கினர். அடுத்த ஆண்டில், வாக்குரிமையில்லாத பெண்டிர் அரசியலில் தலையிட்டு விண்ணப்பங்களிற் கையெழுத்திடுதல் தகாது என்று ஓர் உறுப்பினர் இகழ்ந்தமைக்கு ஆடம்ஸ் நாட்கணக்கில் விடையிறுத்தார். அந்நாட்டுப் பெண்டிர்க்கு நாடு முழுவதிலும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல்.

இதற்கிடையே வந்தது அமிஸ்டாட் வழக்கு. ஆப்பிரிக்காவிற் கவர்ந்து கியூபாவில் விற்கப்பட்ட மெண்டி மக்கள், 1839-ல், தம்மை ஏற்றிச்சென்ற அக்கப்பலைக் கைப்பற்றினர். கப்பல் அமெரிக்கக் கரையருகே பிடிபட, அவர்கள் கனெக்டிகட் மாகாணத்திற் சிறைப்பட்டனர். ஜில்லா நியாயாதிபதி அவர்களைச் சுதந்தரர் என்று தீர்த்தார். ஜனாதிபதி வான் பியூரனுடைய அரசாங்கம் அதன்மேல் அப்பீல் செய்து சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. அக்கோர்ட்டின் ஒன்பது ஸ்தானங்களில் ஐந்து அடிமை மாகாணத்தவர்க்குரியனவாயிருந்தன. எழுபத்து மூன்று வயதினரும், அக்கோர்ட்டில் வாதாடி முப்பதாண்டுக்கு மேலானவருமாகிய ஆடம்ஸ், அஞ்சியஞ்சியே வழக்கை ஏற்றார். 1841-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் தேதி நாலரை மணி நேரம் வாதித்தார். அன்றிரவு நியாயாதிபதிகளுள் ஒருவர் இறந்துபோகவே, மார்ச்சு முதல் தேதி வாதத்தை முடித்தார். 9-ம் தேதி நியாயாதிபதி ஸ்டோரி தீர்ப்புக் கூறினார்: அம்மக்கள் எவர்க்கும் சொத்தல்லர், சுதந்தரர். உயிருடனிருந்த முப்பத்தைவர் அடுத்த ஆண்டு ஜனவரியில் சியரா லியோன் சேர்ந்தனர்.

1842-ல் ஹேவரில் ஊரார் நாற்பத்தறுவர், ஐக்கியத்தையே கலைத்துவிடவேண்டுமென அனுப்பிய விண்ணப்பத்தை, தமக்கு உடன்பாடில்லாதிருந்தும், அவர் சமர்ப்பித்தார். அவர்மீது கண்டனத் தீர்மானம் வந்தது. அது அவருக்கு வாய்ப்பாயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் கட்சியைச் சொல்லும்போது எவர் தடுக்கக்கூடும்? வாய்ப்பூட்டு விதி பேசவிடாத பொருள்களையெல்லாம் இரண்டு வாரம் அவர் பேசினார். களைத்த எதிரிகள், 106-க்கு 93 வாக்காக, தீர்மானத்தை ஒதுக்கிவைக்க நேர்ந்தது. 1844-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி, ஆடம்ஸ் கொணர்ந்த தீர்மானத்தின்மேல், 108-க்கு 80 வாக்காக வாய்ப்பூட்டு விதி நீக்கப்பட்டது. அவ்விரவு நாட்குறிப்பில் அவர் கடவுளுக்கு நன்றி கூறி எழுதினார்.

1848-ம் ஆண்டு பிப்ரவரி 21-ம் தேதி, மெக்ஸிகோப் போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் ஒன்று சபைக்கு வந்தது. அப்போரை அநியாயமென்று கருதிய ஆடம்ஸ் உரத்த குரலில் மறுத்து வாக்களித்தார். சிறிது நேரத்தில் தம் ஆசனத்திலேயே சாய்ந்தார். அருகிருந்தோர் தாங்கிச் சபாநாயகர் அறைக்குக் கொண்டுபோயினர். அங்கேயே 23-ம் தேதி உயிர் நீத்தார், வயது எண்பது. அன்று அச்சபையிலிருந்த உறுப்பினர்களுள், இல்லினாய் மாகாணத்திலிருந்து முதன்முறை வந்திருந்த ஆபிரகாம் லிங்கனும் ஒருவர்.