நாற்று வாங்கும் முன் பெரோத்தேவின் கதையைப் படியுங்கள்

விழுப்புரத்திலிருந்து போனாலும் திண்டிவனத்திலிருந்து போனாலும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கி.மீ. தூரம்தான். அங்கே பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள தாவரவியல் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போய் வந்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அதைப் பொழுதுபோக்கும் இடமாக மட்டும் பார்க்காதீர்கள். 1826-ல் உருவான அந்தத் தோட்டம், வெளிநாட்டுச் செடிகள் நம் மண்ணில் பிழைக்குமா என்று நட்டுப் பார்த்த ஆராய்ச்சிப் பண்ணையாகவும் இருந்தது. அங்கே பல்லாண்டுகள் உழைத்தவர் சாமுவேல் பெரோத்தே. அவருடைய வாழ்க்கையில் இன்றைய விவசாயிக்கு ஒரு பாடம் இருக்கிறது.

பெரோத்தே 1793-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாரிஸ் அரசுத் தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரராக இருந்தார். 1819-ல் பிரெஞ்சு அரசு கிளப்பிய கப்பல் பயணத்தில் அவரும் சேர்ந்தார். தென் அமெரிக்காவின் கயானா, ஜாவா, பிலிப்பைன்ஸ் ஆகிய மழைக்காட்டு நாடுகளிலிருந்து பயனுள்ள செடிகளை உயிரோடு கொண்டுவந்து பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் நடுவதுதான் வேலை. செடிகளைக் காக்கும் கண்ணாடிப் பெட்டி அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. உப்புக் காற்று ஒரு பக்கம், குடிநீர்த் தட்டுப்பாடு மறுபக்கம். மாதக்கணக்கில் தொட்டிச் செடிகளைக் காப்பாற்றுவது எவ்வளவு சிரமம் என்று நாற்றங்கால் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பயணத்தில் ரீயூனியன் தீவுக்குப் போய்ச் சேர்ந்த செடிகளில் ஒன்று வனிலா. கொடி நன்றாகப் படர்ந்தது, பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. வனிலாவின் தாயகக் காட்டில் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் இங்கே இல்லை. 1841-ல் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியால் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய முறையைக் கண்டான். அதன் பிறகுதான் அந்தத் தீவில் வனிலா பயிராக நிலைத்தது. காட்டிலிருந்து செடியைக் கொண்டுவரலாம். அதன் நிழலையும் ஈரத்தையும் பூச்சியையும் சேர்த்துக் கொண்டுவர முடியாது.

இரண்டாவது செடி மல்பெரி. மணிலாவில் பார்த்த அகன்ற இலை மல்பெரியை 1821-ல் பெரோத்தே பிரான்சுக்குக் கொண்டுவந்தார். குச்சி நட்டாலே வேர் பிடிக்கும், இலையும் மிகுதி. அது அமெரிக்காவுக்குப் போனதும், பட்டு வளர்த்தால் பணம் கொட்டும் என்ற பேச்சு பரவியது. பலர் பட்டுப்புழுவை விட்டுவிட்டு நாற்று விற்பதையே தொழிலாக்கினார்கள். 1830-களின் கடைசியில் ஒரு நாற்று ஒரு டாலர் வரை போனது. 1839-ல் சந்தை சரிந்தது. நாற்றை வாங்க ஆள் இல்லாமல் பல குடும்பங்கள் நொடித்துப்போயின. செடியில் பழுதில்லை. நூலுக்குச் சந்தை உருவாகும் முன் நாற்றுக்கு உருவான சந்தைதான் கெடுத்தது.

பெரோத்தேவே தோல்வியை அருகிலிருந்து பார்த்தவர். 1824 முதல் 1829 வரை ஆப்பிரிக்காவின் செனகலில் பண்ணைப் பொறுப்பில் இருந்தார். பருத்தியையும் அவுரியையும் பெரிய அளவில் வளர்க்க பிரெஞ்சு அரசு பணத்தைக் கொட்டியது. மழை போதவில்லை, ஆற்றில் உப்பு ஏறியது, வேலைக்கு ஆளில்லை, உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் இருந்தது. 1831-ல் திட்டம் கைவிடப்பட்டது.

1830-களில் அவர் புதுச்சேரிக்கு அரசுத் தாவரவியலாளராக வந்தார். நீலகிரிக்கும் போய்ச் செடிகள் சேகரித்தார். அக்காலத்தில் புதுச்சேரியின் நீலத்துணி செனகல் வரை விற்றது. அந்த நீலம் அவுரியின் நீலம். திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராவதை நீங்கள் அறிவீர்கள். அவுரிச் சாகுபடி, சாயம் எடுக்கும் முறை பற்றி 1842-ல் பெரோத்தே ஒரு நூலே வெளியிட்டார். பிறகு மீண்டும் புதுச்சேரிக்கு வந்து கடைசிவரை இங்கேயே இருந்தார். 1867-ல் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை அச்சிட்டார். 1870-ல் புதுச்சேரியிலேயே காலமானார்.

இந்தக் கதை இப்போது எதற்கு? 2000-களின் தொடக்கத்தில் வனிலா விலை ஏறியதைப் பார்த்துத் தென்னிந்தியாவில் பலர் கொடி நட்டு, விலை விழுந்ததும் பிடுங்கி எறிந்தார்கள். இன்று அகர் மரக் கன்றுகள் விற்கிறார்கள். அகர் அசாம் பக்கத்து மழைக்காட்டு மரம். மரம் வளர்ந்தாலே வாசனைப் பிசின் வந்துவிடாது. காயம் பட்டுப் பூஞ்சணம் தாக்கினால்தான் உருவாகும். விழுப்புரம் மாவட்டத்தின் மழை ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சிதான். இதைக் கணக்கில் வைக்காமல் ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டு என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இருப்பதில்லை.

வெளியூர்ச் செடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நிலக்கடலையே அயலிலிருந்து வந்ததுதான். டி.எம்.வி.1 ரகம் மேற்கு ஆப்பிரிக்காவின் சலூம் கடலையிலிருந்து தேர்வு செய்யப்பட்டது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். ஆராய்ச்சி நிலையத்தில் விதைத்து, பார்த்து, தேர்ந்தெடுத்த பிறகே அது உங்கள் கைக்கு வந்தது.

அதனால் புதிய கன்று வாங்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதன் தாயகத்தில் மழையும் மண்ணும் எப்படி? நம் மாவட்டத்தில் யார் வயலிலாவது விளைச்சல் எடுத்திருக்கிறார்களா? விளைபொருளை வாங்குபவர் யார்? கன்று விற்பவரைத் தவிர வேறு யாராவது லாபம் பார்த்தார்களா? விடை கிடைத்தாலும், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதலில் ஐந்து சென்ட்டில் மட்டும் நட்டுப் பாருங்கள். அங்கே தோற்றால் இழப்பு ஐந்து சென்ட்டோடு முடியும்.